கடைக்கும் கச்சேரிக்கும் இடையில்: கம்பனிகளோடு பிணக்கு வந்தால் யாரிடம் போவது?

எமது சமூகத்தை வணிகச் சமூகம் என்று பிறர் சொல்கிறார்கள். நாமும் அதைப் பெருமையோடு ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் ஊரில் ஒரு கடை முதலாளி இருந்தால் அவரிடம் வாங்குகின்றவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த முதலாளியும் தன் வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி எடுக்கும்போதும், வாகனத்துக்குக் காப்புறுதி செய்யும்போதும், வங்கியில் கடன் கேட்டு நிற்கும்போதும் வாங்குபவர்தான். விற்பவரின் கடமை பற்றியும் ஹலாலான சம்பாத்தியம் பற்றியும் எமது மேடைகளில் நிறையப் பேசப்பட்டிருக்கிறது. வாங்கியவர் ஏமாற்றப்பட்டால் எந்த வாசலைத் தட்டுவது என்பது பற்றிப் பேசியது குறைவு.

நான் கிழக்கில், அம்பாறைக் கரையோரத்தைச் சேர்ந்தவன். அரச கந்தோர்களில் எழுதுவினைஞராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வுபெற்றவன். சட்டத்தரணி அல்லன். ஓய்வுக்குப் பிறகு, அஸர் தொழுகை முடிந்து வீட்டு விறாந்தையில் இருக்கும் நேரத்தில், கடிதம் எழுதித் தரச் சொல்லி ஆட்கள் வருவார்கள். காணிக் கடிதமும் ஓய்வூதியக் கடிதமும்தான் முன்பு அதிகம். இப்போது பாதிக்குப் பாதி கம்பனிகளைப் பற்றியவை: பழுதான போன், வேலை செய்யாத மோட்டர், கிடைக்காத காப்புறுதிப் பணம், கணக்கில் இருந்து காணாமற்போன தொகை, லீசிங்கில் எடுத்த முச்சக்கரவண்டி.

இவர்களில் பலர் என்னிடம் வரும்போது இரண்டு முடிவுகளில் ஒன்றை எடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒன்று, “என்னத்தச் செய்யிற, நஸீபு அவ்வளவுதான்.” மற்றது, “கேஸ் போடணும், நல்ல லோயர் ஒருத்தரச் செல்லுங்க.” இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ படிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இலவசமானவை. எந்தப் படியில் யாருடைய உதவி தேவை என்று தெரியாமல் இருப்பதால்தான் எமது ஆட்கள் பணத்தையும் உரிமையையும் சேர்த்து இழக்கிறார்கள். அந்தப் படிகளை ஒழுங்காகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சபுரும் காலக்கெடுவும்

முதலில் மனத்தடை ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைக்காரரிடம் குறை சொல்வது கௌரவக் குறைவு, அதுவும் “நம்மட ஆள்” என்றால் அறவே கூடாது என்ற எண்ணம் எம்மிடம் இருக்கிறது. சபுர் செய்வது நல்லது என்கிறார்கள். சபுர் நல்லதுதான். ஆனால் பிக்ஹு நூல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், விற்ற பொருளில் மறைந்திருந்த குறை பின்னர் தெரியவந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் தெரிவுரிமை வாங்கியவருக்கு உண்டு. அதற்கு ‘கியாருல் ஐப்’ என்று பெயரே இருக்கிறது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்ததும் உள்ளே ஈரமும் இருப்பதைக் கண்டு, அந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி மதரசாப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. பிற்காலத்தில் சந்தையின் அளவையும் நிறையையும் தரத்தையும் பார்ப்பதற்கென்றே முஹ்தஸிப் என்ற அதிகாரி நியமிக்கப்பட்டார். குறை கேட்க அதிகாரி இருந்தார் என்றால், குறை சொல்ல மக்கள் போனார்கள் என்றுதானே பொருள்?

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், குறை தெரிந்தவுடன் தாமதிக்காமல் அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டும். தெரிந்தும் காரணமில்லாமல் பேசாமல் இருந்தால் உரிமை போய்விடும். எமது நாட்டுச் சட்டமும் வேறொரு வழியால் இதே இடத்துக்குத்தான் வருகிறது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம்தான் இந்த விடயத்தில் எமக்குள்ள முதன்மையான சட்டம். ஊரில் பாவனையாளர் அதிகார சபை என்றும் சொல்வார்கள். தரத்துக்கு அமையாத பொருள், கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறான பொருள் அல்லது சேவை பற்றி அதன் 13ஆம் பிரிவின் கீழ் முறைப்பாடு செய்யலாம். அதிகார சபை இரு தரப்பையும் விசாரித்து, நட்டஈடு கொடுக்கும்படியோ, பொருளை மாற்றிக் கொடுக்கும்படியோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியோ கட்டளையிடலாம். கட்டளைக்குப் பணியாதவரிடமிருந்து நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக அறவிடவும் வழி இருக்கிறது. இதற்குச் சட்டத்தரணி கட்டாயமில்லை.

ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருளை விற்ற நாளிலிருந்து, அல்லது சேவையை வழங்கிய நாளிலிருந்து, மூன்று மாதங்களுக்குள் இருக்க வேண்டும். பழுதான நாளிலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். விற்ற நாளிலிருந்து என்பதை அடிக்கோடிட்டு வாசியுங்கள்.

மாட்டோம் என்று சொல்லாத கம்பனி

இந்த மூன்று மாதம் எப்படிக் கரைகிறது என்பதற்கு ஓர் உதாரணம். வீட்டில் யோகட்டும் ஐஸ் பக்கற்றும் செய்து விற்கும் ஒரு பெண். கணவர் மௌத்தாகி இரண்டு பிள்ளைகளோடு இருப்பவர். நோன்பு காலத்து வியாபாரத்தை நம்பி, தவணை முறையில் ஒரு பெரிய உறைகுளிர்ப் பெட்டி எடுத்தார். ஏழாவது கிழமையில் குளிர் நின்றுபோனது. கிளைக்குப் போன் எடுத்தார். ஆள் வந்து பார்த்து காஸ் அடித்துவிட்டுப் போனான். பத்து நாளில் மீண்டும் நின்றது. மீண்டும் போன். “கொழும்பில இருந்து சாமான் வரணும்.” பிறகு, “டெக்னீசியன் லீவு.” பிறகு, “அடுத்த கிழமை கட்டாயம்.” பெட்டி வேலை செய்யாவிட்டாலும் தவணை அறவிட ஆள் மட்டும் மாதம் தவறாமல் வந்தான்.

என்னிடம் வந்தபோது வாங்கி மூன்று மாதமும் ஒரு கிழமையும் ஆகியிருந்தது. ஏன் முன்னரே எங்கும் எழுதவில்லை என்று கேட்டேன்.

“சேர், அவங்க மாட்டம் எண்டு செல்லல்லியே. இந்தா வாறம் எண்டுதானே ஒவ்வொரு நாளும் செல்றாங்க.”

அந்தப் பதிலில் முழு விடயமும் இருக்கிறது. மாட்டோம் என்று சொன்ன கம்பனியை எதிர்த்து எவரும் எழுதுவார்கள். மரியாதையாகத் தள்ளிப்போடும் கம்பனிதான் ஆபத்தானது. கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்களா, உண்மையிலேயே சாமான் இல்லையா என்பது இங்கே முக்கியமில்லை. நாட்காட்டி இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் ஓடுகிறது. அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது இது: கம்பனி திருத்தித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாலும், இரண்டாவது மாத முடிவில் விடயம் முடியவில்லை என்றால், அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். கம்பனி பின்னர் திருத்திக் கொடுத்தால் முறைப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். நாள் கடந்துவிட்டால் அந்த நாளைத் திருப்பி எடுக்க முடியாது.

அந்தப் பெண்ணுக்கு ஒரு வருட உத்தரவாத அட்டை இருந்தது. அதிகார சபையின் மூன்று மாதம் போனாலும் அந்த உத்தரவாதம் உயிரோடு இருந்தது. நாங்கள் வேறு வழியால் போனோம். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலாவது நிபுணர்: பழுதை அறிந்தவர்

தொழில்முறை உதவி என்றதும் எல்லோருக்கும் கறுப்புக் கோட்டுத்தான் நினைவு வருகிறது. என் அனுபவத்தில் முதலில் வேண்டியது அந்தப் பொருளைப் பற்றி அறிந்த ஒருவருடைய எழுத்து. “பெட்டி குளிர் இல்ல” என்று நாம் சொன்னால் கம்பனி, “நீங்க கரண்ட் ஏறி இறங்குற இடத்தில பாவிச்சிருக்கிறீங்க” என்று பதில் சொல்லும். அந்த இடத்தில் எமது பேச்சு முடிந்துவிடும். அதையே, கம்பனியோடு தொடர்பில்லாத, தொழிற்கல்விச் சான்றிதழ் உள்ள ஒரு திருத்துநர் பார்த்து, கம்ப்ரசரில் இன்ன குறை, மின்னழுத்தம் இவ்வளவு இருந்தது, பாவனையால் வந்த பழுதல்ல என்று திகதியிட்டு, கையெழுத்தும் முகவரியும் போட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் கதையே வேறு. அந்தப் பெண்ணுக்கு அப்படி ஓர் அறிக்கை எடுக்கச் சொன்னேன். ஊர்த் திருத்துநர் அதற்கு வாங்கியது ஒரு தவணைக் காசை விடக் குறைவு.

ஒரு எச்சரிக்கை. அறிக்கைக்காகப் பார்க்க வருபவர் பெட்டியைக் கழற்றித் திருத்தக் கூடாது. கம்பனி ஒட்டிய முத்திரையை உடைத்தால் உத்தரவாதம் போய்விட்டது என்று சொல்வார்கள். அளந்து பார்த்து எழுதினால் போதும்.

பெறுமதி கூடிய விடயங்களுக்குப் பெரிய இடங்கள் இருக்கின்றன. கட்டடப் பொருளின் தரம், உணவுப் பொருளின் கலப்படம் போன்றவற்றைக் கட்டணம் பெற்றுப் பரிசோதித்து அறிக்கை தரும் ஆய்வுகூடங்கள் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்திடமும் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்திடமும் உண்டு. வாகன விபத்தில் காப்புறுதிக் கம்பனியின் மதிப்பீட்டாளர் சொல்வது மட்டும்தான் கணக்கு என்றில்லை. சுதந்திரமான ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கையை நாமும் எடுக்கலாம்.

இரண்டாவது: கடிதம் எழுதத் தெரிந்த ஒருவர்

போனில் நூறு முறை பேசியதை விட பதிவுத் தபாலில் போன ஒரு கடிதம் பாரமானது. தபாற்கந்தோர் தரும் அந்தச் சின்னத் துண்டுதான் நீங்கள் கேட்டதற்குச் சாட்சி. கடிதத்தில் கோபம் வேண்டாம். என்னிடம் கொண்டுவரும் நகல்களில் பாதி திட்டும் மீதி துஆவும்தான் இருக்கும். வேண்டியது ஏழு விடயங்கள்: வாங்கிய திகதியும் இடமும், பற்றுச்சீட்டு இலக்கம், பொருளின் மாதிரியும் தொடர் இலக்கமும், கொடுத்த உத்தரவாதம் என்ன, என்ன நடந்தது என்பது திகதி வாரியாக, உங்களுக்கு வேண்டியது என்ன, எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும். ஆறாவதைத்தான் பலர் மறந்துவிடுவார்கள். திருத்தமா, மாற்றமா, பணமா என்று ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள். “நல்ல முடிவு தரவும்” என்று எழுதினால் கம்பனிக்கு நல்லதாக ஒரு முடிவு வரும்.

கடிதம் கிளைக்கு மட்டும் போகக் கூடாது. தலைமைக் கந்தோருக்கு அனுப்பி, கிளைக்குப் பிரதி கொடுங்கள். மூலப் பற்றுச்சீட்டை எவருக்கும் அனுப்ப வேண்டாம், போட்டோக் கொப்பி போதும். இப்போது கடைகள் கொடுக்கும் வெப்பத்தாள் பில் சில மாதத்தில் வெள்ளையாகிவிடும். வாங்கிய அன்றே கொப்பி எடுத்து வைப்பது புத்தி. பில் தர மறுத்தால், கேட்டவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை என்பதை மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள். கம்பனி ஆட்களோடு பேசிய வட்ஸ்அப் தகவல்களை அழிக்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் வந்த பிறகு இலத்திரனியல் பதிவுகளும் சான்றாக ஏற்கப்படக்கூடியவை. போனில் பேசினால், “நீங்கள் இன்று இப்படிச் சொன்னீர்கள்” என்று உடனே ஒரு தகவலை அனுப்பிவிடுங்கள். பேச்சு எழுத்தாகிவிடும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. அரச நிறுவனங்களுக்குத் தமிழில் எழுதவும் அங்கிருந்து தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே எமக்கு உரிமை தருகிறது. அதிகார சபைக்குத் தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். தனியார் கம்பனியின் தலைமைக் கந்தோருக்கு எழுதும்போது மட்டும் ஆங்கிலப் பிரதி ஒன்றையும் சேர்ப்பது காரியத்தை விரைவாக்கும். இதற்கு ஊரில் உள்ள ஆங்கில ஆசிரியர் ஒருவர் போதும்.

எந்தப் பிணக்கு எந்த வாசலுக்கு

கம்பனி பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் சரியில்லை என்றால் அடுத்த படி. இங்கே வாசல் மாறினால் மாதங்கள் வீணாகும்.

பொருட்களும் பொதுவான சேவைகளும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மாவட்டச் செயலகங்களில் அதன் மாவட்ட அலுவலகங்களும் உண்டு. எமது கரையோரத்தவர்களுக்கு அம்பாறைக் கச்சேரிக்குப் போய்வருவது ஒரு நாள் வேலை. எனவே கோவையை முழுமையாக எடுத்துக்கொண்டு ஒரே முறையில் போங்கள். பொறித்த விலையை விடக் கூட விற்பது, பிழையான விளம்பரத்தால் ஏமாற்றுவது போன்றவையும் அங்கேதான்.

வங்கி, நிதிக் கம்பனி, லீசிங் என்றால் முதலில் அந்த நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். தீராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம். 2020இல் அமைக்கப்பட்டது, தொலைபேசி இலக்கம் 1935. நிதிக் குறைகேள் அதிகாரி என்ற வேறொரு வாசலும் உண்டு. அங்கே கட்டணம் இல்லை.

காப்புறுதி என்றால், கம்பனிக்கு எழுதிய பிறகு, காப்புறுதிக் குறைகேள் அதிகாரி. அதுவும் இலவசம். துறையைக் கண்காணிக்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். மின்சாரப் பட்டியல் பிணக்கு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கும், போன் மற்றும் இணையக் கட்டணப் பிணக்கு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் உரியவை.

குறைகேள் அதிகாரிகளைப் பற்றி முக்கியமான ஒன்று: நீதிமன்றத்தில் ஏற்கனவே வழக்காகிவிட்ட விடயத்தை அவர்கள் எடுக்க மாட்டார்கள். ஆத்திரத்தில் முதலில் வழக்குப் போட்டவர் அந்த இலவச வாசலைத் தன் கையாலேயே சாத்திவிடுகிறார். எந்தப் படி முதலில் என்ற ஒழுங்கு இதனால்தான் முக்கியம்.

அடுத்தது மத்தியஸ்த சபை. ஊரில் இணக்கசபை என்று சொல்வோம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. குறிப்பிட்ட தொகைக்குக் குறைவான பணப் பிணக்குகள் பல, வழக்குக்கு முன்னர் இங்கே வந்தே ஆகவேண்டும். சட்டத்தரணிகள் எவருக்காகவும் இங்கே தோன்ற முடியாது. கம்பனியின் முகாமையாளரும் நீங்களும் ஒரே மேசையில் ஒரே உயரக் கதிரையில் இருப்பீர்கள். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள். அதோடு நீதிமன்றம் போகலாம்.

அந்த யோகட் விற்கும் பெண்ணின் விடயம் இங்கேதான் முடிந்தது. தலைமைக் கந்தோருக்குப் போன பதிவுக் கடிதம், திருத்துநரின் அறிக்கை, உத்தரவாத அட்டை, போன் எடுத்த திகதிகள் எழுதிய ஒரு கொப்பி ஒற்றை. இவ்வளவும்தான் கையில். இரண்டாவது அமர்வில் கிளை முகாமையாளர் வேறு பெட்டி தருவதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தார். ஆனால் நோன்பு முடிந்து பெருநாளும் போயிருந்தது. அந்த ஒரு மாத வருமானத்தை எவரும் திருப்பிக் கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்குப் போயிருந்தால் நட்டஈடும் கேட்டிருக்கலாம். தாமதத்தின் விலை அதுதான்.

சட்டத்தரணி எப்போது வேண்டும்?

சில விடயங்களில் முதல் நாளே சட்டத்தரணியிடம் போகவேண்டும். வீடோ காணியோ ஈடாக இருக்கும் கடன், பறிமுதல் செய்யப் போவதாக அறிவித்தல் வந்த வாகனம், பொருளால் உடலுக்கு ஏற்பட்ட காயம், பெரிய தொகைக் காப்புறுதி, நீதிமன்றத்திலிருந்து வந்த எந்தக் கடதாசியும். இவற்றில் சொந்தமாக எழுதும் ஒரு வரியே பின்னர் எமக்கு எதிராக நிற்கக் கூடும்.

மற்றது, கையெழுத்து. சின்னக் கடை வைத்திருந்த ஒருவரின் களஞ்சியத்தில் வெள்ளம் ஏறியது. காப்புறுதிக் கம்பனி அவர் கேட்டதில் மூன்றிலொரு பங்குக்குக் காசோலை தயார் என்று அறிவித்து, ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டது. ஆங்கிலத்தில் இருந்தது. “காசு எடுத்ததுக்கு சைன் தானே காக்கா” என்று முகவர் சொன்னார். அந்தப் படிவம் முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று சொன்னது. அவர் கையெழுத்து வைக்காமல் என்னிடம் கொண்டுவந்தது அவருடைய புத்திசாலித்தனம். நான் அதை ஒரு சட்டத்தரணியிடம் அனுப்பினேன். ஒரு ஆலோசனைக் கட்டணமும் ஒரு கடிதமும்தான் செலவு. பின்னர் குறைகேள் அதிகாரி வரை போய் முதலில் சொன்ன தொகையை விடக் கூடுதலாகப் பெற்றார். கையெழுத்து வைத்திருந்தால் அந்த வாசல் எதுவும் திறந்திருக்காது.

எதிர்ப்பக்கத்தில், கம்பனி எழுதி வைத்திருக்கும் ஒவ்வொரு வாசகமும் நீதிமன்றத்தில் அப்படியே செல்லும் என்றும் பயப்பட வேண்டாம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் முதற்கொண்டு, விற்கும் பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற கொள்கை எமது சட்டத்தில் இருக்கிறது. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம், பொறுப்பிலிருந்து தப்பிக்கக் கம்பனிகள் போடும் நிபந்தனைகளுக்கு எல்லை போடுகிறது. “எந்தப் பொறுப்பும் ஏற்கப்பட மாட்டாது” என்று சின்ன எழுத்தில் இருப்பதைக் கண்டு திரும்பி வராமல், அது உங்கள் விடயத்தில் செல்லுமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். அவருடைய படிப்பு அதற்குத்தான்.

சட்டத்தரணியிடம் போகும்போது கதையோடு போகாமல் கோவையோடு போங்கள். திகதி வரிசையில் அடுக்கிய கடிதங்கள், மேலே ஒரு பக்கச் சுருக்கம். அவருடைய அரை மணி நேரம் உங்களுக்கு முழுதாகக் கிடைக்கும். வெட்கப்படாமல் நான்கு கேள்விகள் கேளுங்கள்: இதற்கு எவ்வளவு காலம் எடுக்கும்? ஒவ்வொரு கட்டத்துக்கும் கட்டணம் எவ்வளவு? தோற்றால் மறுதரப்பின் செலவு என் தலையில் வருமா? வழக்குக்கு முன் ஒரு கோரிக்கைக் கடிதத்தோடு முடிய வாய்ப்புண்டா? பல விடயங்கள் அந்தக் கடிதத்தோடேயே முடிகின்றன. நாற்பதாயிரம் ரூபாப் பொருளுக்கு ஒரு லட்சம் செலவழித்து மூன்று வருடம் வழக்காடுவது நீதி தேடுவதாக எனக்குத் தெரியவில்லை. நல்ல சட்டத்தரணி அதை முதல் நாளே சொல்லிவிடுவார். அப்படிச் சொன்னவரை விட்டுவிட வேண்டாம்.

கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பல நீதிமன்ற நகரங்களில் அதன் நிலையங்கள் உண்டு. வருமானத்தைப் பார்த்துத்தான் வழக்குப் பேச எடுப்பார்கள். கிராம சேவகரின் வருமானச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனால் ஒரு பயணம் மிச்சம்.

தவிர்க்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். “உள்ளுக்கு ஆள் இரிக்கி, எடுத்துத் தாறன், கிடைக்கிறதில பாதி” என்று சொல்பவர் எந்தத் துறைக்கும் நிபுணர் அல்லர். அவருக்கு மூலப் பத்திரங்களையோ, வெற்றுத் தாளில் கையெழுத்தையோ, வங்கிக் கணக்கு விபரங்களையோ, போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தையோ கொடுக்க வேண்டாம். நான் மேலே சொன்ன வாசல்களில் பெரும்பாலானவற்றில் முறைப்பாடு கொடுப்பதற்குக் காசு தேவையில்லை. காசு கேட்கும் இடைத்தரகர் அந்த இலவசத்தைத்தான் உங்களுக்கு விற்கிறார்.

ஊர் செய்யக் கூடியது

ஒரு ஜனாஸா வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை எமது ஊர்களில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழி வெட்ட ஆள், கபன் துணி, சாப்பாடு என்று எல்லாம் ஒழுங்காக நடக்கும். பள்ளிவாசல்களோடு சேர்ந்து மையவாடிக் கமிட்டி, ஸகாத் கமிட்டி என்று வேலைகளைப் பிரித்துச் செய்து பழகிய சமூகம் நாம். அதே பழக்கத்தை இதற்கும் கொண்டுவரலாம். நூலகத்திலோ பள்ளிவாசல் காரியாலயத்திலோ கிழமைக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஒரு மேசை. ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் ஒருவர், மாதம் ஒரு முறை வந்துபோகும் இளம் சட்டத்தரணி ஒருவர், தேவைப்படும்போது கூப்பிடக்கூடிய திருத்துநர் இரண்டு மூன்று பேர். எமது ஊர்களில் இவர்கள் எல்லோரும் ஏற்கனவே இருக்கிறார்கள். மேசைதான் இல்லை.

இது பெண்களுக்கு மிகவும் முக்கியம். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள்தான் இன்று தவணை முறையில் இயந்திரங்கள் எடுக்கிறார்கள், சிறு கடன்கள் எடுக்கிறார்கள். கம்பனிக் கிளைக்கோ கச்சேரிக்கோ தனியாகப் போய் வாதாடத் தயங்குபவர்களும் அவர்கள்தான். அந்த மேசையில் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும்.

நுகர்வோர் அமைப்புகளை ஊக்குவிப்பதும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் பணிகளில் ஒன்று. ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சங்கமாகி மாவட்ட அலுவலகத்தோடு தொடர்பு வைத்தால், அதிகாரிகளை ஊருக்கே அழைத்து ஒரு கூட்டம் வைக்கலாம். அந்தக் கூட்டத்துக்கு எமது வியாபாரிகளையும் கூப்பிட வேண்டும். நேர்மையாக வியாபாரம் செய்யும் முதலாளிக்கு இதில் நட்டம் ஒன்றும் இல்லை. பழுதான சாமானைக் கம்பனி அவரிடம் தள்ளிவிட்டு, வாங்கியவரின் ஏச்சை அவர் தலையில் விழவைக்கும்போது, அவருக்கும் இதே மேசை உதவும்.

இதெல்லாம் அமையும் வரைக்கும் ஒவ்வொருவரும் தனியே செய்யக் கூடிய வேலை ஒன்று இருக்கிறது. இந்த வருடம் வாங்கிய பெறுமதியான பொருட்களின் பற்றுச்சீட்டுகளையும் உத்தரவாத அட்டைகளையும் ஒரு கோவையில் போடுங்கள். ஒவ்வொன்றின் மேலும் வாங்கிய திகதியையும், அதிலிருந்து மூன்று மாதம் முடியும் திகதியையும் பேனாவால் பெரிதாக எழுதுங்கள். அந்த இரண்டாவது திகதி வருவதற்குள் பொருளில் குறை தெரிந்தால், காத்திருக்காமல் எழுதத் தொடங்குங்கள்.